எழுபத்திரண்டுக்குக் கீழே

ஜூன் 2

சாப்பிடுவதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி வைக்க வேண்டுமாம். மதுரை ஆஸ்பத்திரியின் டயட்டீஷியன் பெண் சொன்னாள். வயது இருபத்தைந்து இருக்கும். இடுப்பு என் கை அகலம். "பொய் எழுதாதீங்க ஆன்ட்டி" என்று வேறு சொல்லி அனுப்பினாள். இருபத்திரண்டு வருடமாகச் சத்துணவு மையத்தில் முட்டைக்கும் பருப்புக்கும் ரெஜிஸ்டர் எழுதுகிறவளிடம் வந்து சொல்கிறாள்.

இட்லி மூன்று, தேங்காய்ச் சட்னி. மதியம் சாம்பார் சாதம். சாயங்காலம் டீ, சேவு கொஞ்சம். கொஞ்சம் என்றால் இரண்டு கை.

எதற்கு இந்தக் கூத்து என்பதையும் எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் தனுஷ்கோடிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாய், சனி இரண்டு நாளும் டயாலிசிஸ், இங்கே விருதுநகரிலேயே. நான் ஒன்று கொடுக்கலாம். ரத்தம் பொருந்துகிறது, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. எடைதான் இடிக்கிறது. ஐந்தடி ஒரு அங்குலத்துக்கு எண்பத்து மூன்று கிலோவுக்கு மேலே இருக்கிறேன். "எழுபத்திரண்டுக்குக் கீழ வாங்க" என்றார் மதுரை டாக்டர். "வந்தா மட்டும் போதாதும்மா. மூணு மாசம் அங்கேயே நிக்கணும். ஒத்தக் கிட்னியோட வாழப்போறவங்க திரும்ப ஏத்திக்கக் கூடாது. நின்னு காட்டுங்க, தேதி தர்றேன்."

வெளியே வந்ததும் இவர், "விடு கலாவதி. டயாலிசிஸ்லயே பத்து வருஷம் ஓட்டுறவன் இருக்கான்" என்றார். படி இறங்க என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஜூன் 3, செவ்வாய்

83.4

எடை மெஷினுக்கு அலைய வேண்டியதில்லை. இவர் தொழிலே அதுதான். எலெக்ட்ரானிக் தராசு விற்பார், ரிப்பேர் பார்ப்பார், வருடா வருடம் அரசாங்க முத்திரை போட எடுத்துப்போவார். மளிகைக் கடையிலிருந்து பருப்பு மில் வரைக்கும் இந்த ஊரில் இவர் கை படாத தராசு குறைவு. கடையிலிருந்து ஆள் ஏறும் மெஷின் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லிப் படுக்கையறை மூலையில் போட்டார். வாசல் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க ஒரு இருபது கிலோ எடைக்கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறோம். அதைத் தூக்கி வந்து வைக்கச் சொன்னார். வைத்தேன். 20.0 என்று காட்டியது. "பாத்துக்க. நம்ம மெஷின் பொய் சொல்லாது" என்றார். கல்லைத் திரும்பக் கதவருகே கொண்டுபோய் வைக்கும்போது கால் விரலில் இடித்துக்கொண்டேன்.

"ஒரே மெஷின், ஒரே நேரம், வெறும் வயிறு. டயாலிசிஸ் ரூம்ல ஒருதரம், ரேஷன் கடையில ஒருதரம்னு கண்டதுல ஏறிப் பாக்காத. மெஷினுக்கு மெஷின் ஒப்பிட்டா பைத்தியம்தான் பிடிக்கும்" என்றார். தொழில் தெரிந்தவர் சொல்கிறார். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி என்று வைத்துக்கொண்டேன்.

ஜூன் 9

பள்ளிக்கூட மைதானத்தில் நான்கு ரவுண்டு. முழங்கால் எண்ணெய் கேட்கிறது. எதிரே வந்த இரண்டு பெண்கள், "என்ன டீச்சர், இந்த வயசுல திடீர்னு?" என்று சிரித்தார்கள். பதில் சொல்ல மூச்சு இல்லை. இருந்திருந்தால் நன்றாகவே சொல்லியிருப்பேன்.

ஜூன் 17

81.6

மையத்துச் சமையல் பேச்சியம்மாளுடன் சண்டை. பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் நான் ருசி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அது விதி. பேச்சியம்மாள் ருசி பார்க்க என்று தட்டு நிறைய வைக்கிறாள். "ஒரு ஸ்பூன் போதும்" என்றால், "ஒரு ஸ்பூன்ல உப்பு தெரியுமா டீச்சர்?" என்கிறாள். இருபத்திரண்டு வருடம் இப்படி ருசி பார்த்த உடம்பு இது. தட்டைத் தள்ளி வைத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நாளைக்கு உப்பைக் கூடப் போடுவாள் பாருங்கள்.

ஜூன் 28

டயாலிசிஸ் முடிந்து வரும்போது ஆட்டோவை நிறுத்தச் சொல்லி எண்ணெய் பரோட்டா வாங்கினார். அவருக்கு ஆகாது. எனக்காம். "நாந்தான் திங்க முடியாது. நீயாவது தின்னு, நான் பாக்குறேன்" என்கிறார். தூக்கி வெளியே எறிவதாகச் சொன்னேன். இரண்டு தின்றேன். சால்னாவுடன்.

எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஜூலை 8

79.2!

எண்பதுக்குக் கீழே வந்து பதினோரு வருடம் இருக்கும். நான் கத்திய கத்தலில் அவர் எழுந்து வந்துவிட்டார். "இப்படியே போனா தீபாவளிக்கு எழுபத்திரண்டு. மூணு மாசம் நின்னா பொங்கல் கழிச்சு ஆபரேஷன்" என்று விரல் விட்டுச் சொன்னேன். "நல்லது" என்றார். என்னைப் பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காலையில் தோசையைப் பாதியில் வைத்துவிட்டார். அவருடைய அக்கா நினைவு வந்திருக்கும். இருபது வருடத்துக்கு முன்னால் குடல்வால் ஆபரேஷன் என்று நடந்துதான் போனார். திரும்பி வரவில்லை. இவர்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். ஆபரேஷன் என்ற சொல்லை நான் இனிமேல் காலை நேரத்தில் எடுக்கக் கூடாது.

ஜூலை 10

மெஷினில் பேட்டரி இறங்கிவிட்டதாம். கடைக்கு எடுத்துப் போய் மாற்றிக் கொண்டுவந்தார்.

ஜூலை 15

80.2

என்ன செய்தேன்? ராகிக் கூழ், மோர், கீரை, நான்கு ரவுண்டு ஆறாகி ஒரு வாரம். ஒரு கிலோ கூடியிருக்கிறது. மூன்று முறை இறங்கி ஏறினேன். ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டு ஏறினேன். கால்மாட்டில் நின்றுகொண்டு இவர், "சில பேர் உடம்பு வாகு அப்படி. ஓரளவுக்கு மேல இறங்காது" என்றார். டம்ளரை விட்டெறிந்தேன். அவர் மேல் இல்லை, சுவர் மேல்தான்.

ஜூலை 22

79.9. போடா.

ஆகஸ்ட் 5

78.3

டயட்டீஷியன் பெண் போனில், "சில நேரம் அப்படியே நிக்கும் ஆன்ட்டி, மனசு விடாதீங்க" என்றாள். மனசு விடாமல் இருப்பது எப்படி என்று அவள் கொடுத்த தாளில் இல்லை. பசி என்றால் என்ன என்று நாற்பத்தொன்பது வயதில் தெரிந்துகொண்டிருக்கிறேன். ஆனால் புகார் சொல்ல வழியில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான், பாட்டிலில் கோடு போட்டு வைத்திருக்கிறார். நாக்கு வறண்டால் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வார். எனக்குப் பசி, அவருக்குத் தாகம். இரண்டு பேரும் டிவியில் சமையல் நிகழ்ச்சி பார்க்கிறோம்.

ரவிக்கை இரண்டு பக்கமும் பிடிக்கக் கொடுத்தேன். துவைத்துத் துவைத்துத் துணி நெகிழ்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 19

77.5

ஆகஸ்ட் 21

மறுபடியும் பேட்டரி. இந்த மெஷின் பேட்டரி தின்பதில் என்னை மிஞ்சும். கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார்.

ஆகஸ்ட் 26

79.8

ஒரே வாரத்துக்கு முன்னால் இதைவிடக் குறைவாக இருந்தேன். மையத்துக்குப் போகவில்லை, உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். காலையிலிருந்து நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பாக்கெட், தேங்காய் பன் இரண்டு, பிறகு அழுகை, பிறகு இன்னொரு பாக்கெட். இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். "போதும் கலாவதி. நீ பட்டது போதும். விட்டுரு" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்காக இவ்வளவு வருத்தப்படுகிற மனிதர் எதிரே டம்ளரை எறிந்தேனே என்று இருந்தது.

ஆனால் விட மாட்டேன். சனிக்கிழமை ஊசி போடும்போது இவர் உதட்டைக் கடிப்பதைப் பார்க்கிறவள் நான்.

செப்டம்பர் 16

78.1

உள்பாவாடை நாடா நீளமாகத் தொங்குகிறது. வெட்டிவிட்டேன். வளையல் முழங்கை வரை ஏறுகிறது. பேச்சியம்மாள், "டீச்சர், உங்களுக்குச் சீக்கு கீக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். வாயை மூடு என்றேன்.

அக்டோபர் 5

அவருக்குப் போன வாரத்திலிருந்து மூச்சு வாங்குகிறது. மூன்று நாள் இடைவெளியில் மூன்று கிலோ தண்ணீர் ஏறியிருந்தது. டயாலிசிஸ் ரூம் நர்ஸ் சிஸ்டர் ரெஜினா அவரைத் திட்டினாள். அவர் திட்டு வாங்கியதற்கு எனக்குக் கோபம் வந்தது, அவளிடம் ஒன்றும் சொல்ல முடியவில்லை, ஆட்டோக்காரரிடம் காட்டினேன்.

வாரம் மூன்றாக மாற்ற வேண்டியிருக்கும் என்கிறார்கள். வியாழனும் சேர்த்து.

அக்டோபர் 20, தீபாவளி

பக்கத்து வீடு, எதிர்வீடு, பேச்சியம்மாள், கடை ஆட்கள் என்று பதினோரு டப்பா பலகாரம். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். "ஒண்ணே ஒண்ணு" என்று வாயருகே கொண்டுவருகிறார்கள். முறுக்கு மூன்று, அதிரசம் ஒன்று, மைசூர்பாகு பாதி. பாதி என்று எழுதியது பொய். முழுசு.

அக்டோபர் 21

78.6. கேட்டு வாங்கினது.

நவம்பர் 4

76.5

பத்து ரவுண்டு நடக்கிறேன், மூச்சு வாங்கவில்லை. முழங்கால் வலி எப்போது போனது என்று தெரியவில்லை. ஒரு மாதமாகப் படியேறுகிறேன், யாரும் சொல்லாமல். இருந்தாலும் 76.5. இன்னும் நாலரை கிலோ. அப்புறம் மூன்று மாதம் நிற்க வேண்டும். அதற்குள் அவர் தாங்க வேண்டும்.

நவம்பர் 11

காலை ஆறு மணிக்கு 75.9.

டயாலிசிஸ் முடிந்ததும் அவரை எடை பார்க்க வேண்டும். நிற்க முடியாமல் சாய்ந்தார். சிஸ்டர் ரெஜினா, "அம்மா, நீங்க சாரைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் சேர்ந்து ஏறுங்க. அப்புறம் நீங்க மட்டும் ஏறுங்க. கழிச்சுக்கிடலாம்" என்றாள். இவர் உடனே, "வேணாம் சிஸ்டர், நானே நிக்கிறேன்" என்று எழப் பார்த்தார். கால் மடங்கியது. நான் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தனியாக ஏறினேன்.

72.3. காலை டிபன் சாப்பிட்ட வயிறு, சேலை, தோளில் கைப்பை.

"மெஷின் கோளாறா சிஸ்டர்?" என்றேன். "போன வாரம்தான் சர்வீஸ் பண்ணாங்கம்மா. உங்க சார் கடையிலருந்துதான் ஆள் வந்துச்சு" என்றாள். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். கூரையில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தேன். கதவுக்கு முட்டுக் கொடுத்த எடைக்கல்லைத் தூக்கினேன். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. படுக்கையறை மெஷின் மேல் வைத்தேன்.

21.1

இருபது கிலோ இரும்பு தீபாவளிப் பலகாரம் தின்று ஏறவில்லை. அவர் வாசற்படியிலேயே நின்றார். "எத்தனை தடவை?" என்றேன்.

"ரெண்டு. பேட்டரின்னு சொன்ன ரெண்டு தடவையும்."

முப்பது வருடத் தொழிலில் ஒரு மில்காரன் பணத்தைக் காட்டித் தராசைக் கொஞ்சம் ஏற்றி வைக்கச் சொன்னபோது, அவன் தராசை நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டு வந்தவர் இவர். இந்த மனிதர்தான்.

நான் கத்தியதை எல்லாம் இங்கே எழுதவில்லை. தெரு முழுக்கக் கேட்டிருக்கும். ஆகஸ்டில் அழுத அழுகையைச் சொல்லிச் சொல்லிக் கத்தினேன். முதுகைத் தடவினீங்களே, அந்தக் கையாலேதானே இதைச் செஞ்சீங்க என்றேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து ஊசி போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்: "நீயா விட்டுருவன்னு நெனச்சேன். நான் வேணாம்னா நீ கேக்க மாட்ட. மெஷின் வேணாம்னா கேப்பன்னு நெனச்சேன்." பிறகு, "இருக்கிறதே ரெண்டு பேரு. எங்க அக்காவுக்கு நாந்தான் கையெழுத்துப் போட்டேன். உனக்கும் போடச் சொல்றியா?"

கல்லை எடுத்துக் கதவருகே வைத்தேன். ராத்திரி சாப்பாடு: எதுவும் இல்லை.

நவம்பர் 12

டயட்டீஷியன் பெண் பொய் எழுதாதே என்றாள். இதை எழுதாமல் விட்டால் அது பொய்தான்.

ரவிக்கையை இரண்டு பக்கமும் பிடித்தேன். நாடாவை வெட்டினேன். வளையல் ஏறியது, முழங்கால் வலி போனது. தராசுக்காரர் பெண்டாட்டிக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தினமும் பத்துத் தடவை அந்தக் கல்லைத் தாண்டித்தான் போனேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், தூக்கி வைத்துப் பார்க்கத் தோன்றவில்லையா? தோன்றியது. செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை குனிந்து கைப்பிடியில் கையும் வைத்தேன். பிறகு குக்கர் விசில் அடித்தது என்று போய்விட்டேன். குக்கர் இன்னொரு விசில் வரைக்கும் பொறுத்திருக்கும். அது எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு செவ்வாயும் அழுதேன், திட்டினேன், எறிந்தேன். எல்லாம் நிஜம். ஆனால் அடியில் ஒரு ஓரத்தில் அப்பாடா என்றும் இருந்தது. இந்த வாரமும் கத்தி இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. ஜூன் 2-லிருந்தே பயமாக இருக்கிறது. அவர் மெஷினை மாற்றினார், அது தெரியாத மாதிரி நான் ஏறி ஏறி நின்றேன்.

இதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப நீயும் கள்ளிதான்" என்றார். ஆமாம் என்றேன்.

நவம்பர் 13

திருப்புளியும் கையுமாக மெஷின் முன்னால் உட்கார்ந்தார். கல்லை நான்தான் வைத்தேன். பட்டனை அமுக்கி அமுக்கி 20.0 என்று கொண்டுவந்தார். கல்லை இறக்கி, மறுபடி வைக்கச் சொன்னார். மூன்று தடவை. கடைத் தராசுகளுக்குச் செய்வது போலவே துணியால் துடைத்தார். "ஏறு" என்றார்.

71.7

"இன்னையிலருந்து மூணு மாசம்" என்றேன். தலையை ஆட்டினார். பரோட்டா இல்லை, பேட்டரி இல்லை என்று டைரியிலேயே கையெழுத்து வாங்கினேன். கீழே பாருங்கள்.

— தனுஷ்கோடி

டிசம்பர் 30

71.9. அரைப் பிளேட் கேக்கில் மாதம் முழுக்க நடந்த நடை போய்விட்டது. இறங்குவதைவிட நிற்பதுதான் பெரிய சனியனாக இருக்கிறது. இறங்கும்போதாவது ஒரு எண் சந்தோஷம் கொடுக்கும். நின்றால் யார் கைதட்டுகிறார்கள்?

பிப்ரவரி 17

70.9. மதுரை மெஷினிலும் அதே. டாக்டர் இரண்டு தடவை பார்த்தார்.

உறுப்பு தானத்துக்கு அனுமதி கொடுக்கும் கமிட்டியில் ஒரு அம்மா கேமராவை வைத்துக்கொண்டு, "கிட்னி கொடுக்கச் சொல்லி உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க. கொடுக்க விடாம இருக்கத்தான் ஆனதெல்லாம் பாத்தாங்க" என்றேன். இவர் பக்கத்து நாற்காலியில் இருமினார்.

மார்ச் 4

நாளைக் காலை. சம்மதப் படிவத்தில் கணவர் கையெழுத்துக்கு ஒரு இடம் இருந்தது. பேனாவை வாங்கி வெகு நேரம் வைத்திருந்தார். பயமா இருக்கு என்றேன். எனக்கும்தான் என்றார். போட்டுவிட்டார்.

மார்ச் 12

உட்கார முடிகிறது. சிரித்தால் தையல் இழுக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர் முகமூடியோடு. போனில், "கிட்னி ஒண்ணு நூத்தம்பது கிராம் இருக்குமாம். உனக்குக் குறைஞ்சது, எனக்கு ஏறிருச்சு" என்றார். தராசுக்காரன் புத்தி. சிரித்துத் தொலைத்தேன், உயிர் போய் வந்தது.

மார்ச் 9, அடுத்த வருடம்

புது டைரி. பழையதில் இடம் இல்லை.

73.4

கொடுத்து ஒரு வருடம் ஆகிறது. யாருக்கும் இனி என் எடை வேண்டாம். தேதி இல்லை, கமிட்டி இல்லை, எழுபத்திரண்டு என்று எழுதிக் கொடுத்த டாக்டர் இப்போது "கவனிச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்கிறார். ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஆண்டுவிழாவில் பேச்சியம்மாள் வைத்த கேசரி, இரண்டு வாரம் மழை என்று நடக்காமல் விட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது.

கதவருகே போய்க் கல்லைத் தூக்கி வந்தேன். மெதுவாகத்தான், தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கிறது. மெஷினில் வைத்தேன். 20.0. இறக்கி, மறுபடி வைத்தேன். 20.0. இன்னொரு தடவையும் வைத்தேன்.

இவர் கூடத்தில் நின்றுகொண்டு செம்பைத் தூக்கி மடக் மடக்கென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கோடு போடாத செம்பு. வாயைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "என்ன, பேட்டரி மாத்தணுமா?" என்றார்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு. செருப்பை மாட்டுங்க" என்றேன்.

நான்கு ரவுண்டு. நாளையிலிருந்து ஆறு.